நமீபியா: ரெண்டு பைக், ஒரு கூடாரம், 18 நாள் – திட்டத்தைப் பிரித்து மேயுங்கள்

#1 இரட்டைச்சக்கரம்

வணக்கம். ஜூலையில் ரெண்டு பேர் நமீபியா போகிறோம். ஒரு டெனெரே 700, ஒரு ஹிமாலயன் 411. ரெண்டும் கப்பலில் வால்விஸ் பே துறைமுகத்துக்கு வருகின்றன. அங்கே தொடங்கி அங்கேயே முடிக்க வேண்டும். மொத்தம் 18 நாள். அதில் 13 நாள் ஓட்டம், மிச்சம் ஓய்வு.

வால்விஸ் பே – சோலிட்டேர் – செஸ்ரியம் – சோசஸ்ஃப்ளே மணல்மேடு வரை பைக்கிலேயே – டி707 சரளைச் சாலை – அவுஸ் – லூடெரிட்ஸ் – திரும்ப வடக்கே ஸ்வாகோப்முண்ட் – ஸ்கெலிட்டன் கோஸ்ட் பூங்கா வழியாக டெரஸ் பே – பாம்வாக் – செஸ்ஃபொன்டைன் – புரோஸ் – வான் ஸைல்ஸ் கணவாய் – எபுபா அருவி – எடோஷா – வால்விஸ் பே.

ஏறக்குறைய 4,000 கி.மீ., அதாவது ஓட்டும் நாளுக்கு 300 சொச்சம். தங்குவது முழுக்கக் கூடாரத்தில். எங்கே ஓட்டை இருக்கிறது என்று சொல்லுங்கள்.

#2 சரளைக்கல்

ஓட்டையை அப்புறம் பார்ப்போம், முதலில் சுவர். உங்கள் பட்டியலில் மூன்று இடங்களுக்குள் மோட்டார் சைக்கிளை விடவே மாட்டார்கள்.

எடோஷா தேசியப் பூங்கா: பைக்குக்கு அனுமதி கிடையாது. சிங்கம், யானை நடமாடும் இடம். பைக்கை வெளியே நிறுத்திவிட்டு, திறந்த ஜீப்பில் சஃபாரிக்குப் போகலாம்.

சோசஸ்ஃப்ளே: செஸ்ரியம் முகாம் வரை பைக் போகும். அங்கிருந்து உள்ளே சுமார் 60 கி.மீ. தார், கடைசி 5 கி.மீ. ஆழ மணல். இந்த 65-லும் பைக் கூடாது. முகாமிலிருந்தோ பக்கத்து லாட்ஜ்களிலிருந்தோ வண்டி ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். வாயிலுக்கு உள்ளே இருக்கும் செஸ்ரியம் முகாமிலேயே தங்கினால், சூரியன் எழுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே உள்வாயிலைத் திறப்பார்கள். வெளியே தங்கினால் சூரியோதயத்துக்குத்தான் கதவு. டெட்ஃப்ளேயில் (சோசஸ்ஃப்ளே பக்கம், காய்ந்த மரங்கள் நிற்கும் வெள்ளைக் களிமண் படுகை) காலை நிழல் வேண்டுமென்றால் இது முக்கியம்.

ஸ்கெலிட்டன் கோஸ்ட் பூங்கா: கரையோரமாக உகாப் வாயில் வரை போகலாம், அதற்கு அப்பால் பைக் கூடாது. ஆக டெரஸ் பே அடிபட்டுப் போச்சு.

அதே நேரம், நமீப்-நௌக்லுஃப்ட் பூங்காவுக்குள் ஓடும் சி14 பொதுச்சாலை. குய்செப் கணவாய், கௌப் கணவாய் எல்லாம் அதில்தான் வரும். கடந்து போவதற்குத் தடையில்லை. சாலையை விட்டு இறங்கக் கூடாது, அவ்வளவுதான்.

நான்காவது, வான் ஸைல்ஸ். அதை எழுத ஒரு தனிப் பதிவு வேண்டும். இப்போதைக்கு ஒன்று: நீங்கள் போட்டிருக்கும் திசையே தலைகீழ். அந்தக் கணவாயைக் கிழக்கிலிருந்து மேற்காக இறங்க மட்டும்தான் பயன்படுத்துகிறார்கள். புரோஸ் பக்கமிருந்து வந்தால் நீங்கள் கீழே நின்று மேலே பார்ப்பீர்கள்.

#3 கரையோர மூடுபனி

300 கி.மீ. கணக்கைப் பற்றி. நமீபியாவில் சாலையின் எழுத்தைப் பார்த்தே நாளைக் கணக்கிட முடியும். 'பி' என்றால் தார். 'சி' என்றால் பெரும்பாலும் சரளை, சில இடங்களில் தார், கரையோரத்தில் உப்பு-ஜிப்சம். 'டி' என்றால் சின்னச் சரளைப் பாதை. அது நல்லபடியும் இருக்கும், ஆற்றுப்படுகை மாதிரியும் இருக்கும்.

சுமையேற்றிய பைக்குக்கு 'பி'யில் நாளுக்கு 350–400 சாதாரணம். 'சி'யில் 200–250. 'டி'யில் 150 என்று போட்டுக்கொண்டால் மாலையில் டீ குடிக்க நேரம் இருக்கும்.

ஜூலையில் சூரியன் காலை ஏழரைக்கு எழுந்து மாலை ஆறேகால், ஆறரைக்குள் விழுந்துவிடும். இருட்டிய பிறகு ஓட்டவே கூடாது. கூடு என்ற பெரிய மான் வேலியைத் தாண்டிக் குதித்துச் சாலைக்கு வரும். அந்திதான் அதற்கு நேரம். அந்தியில் மேற்கு நோக்கி ஓட்டினால் கண்கூச்சம் வேறு. எட்டு மணிக்குக் கிளம்பி நாலரைக்கு முகாமில் இருப்பது என்று வைத்தால், மொத்தம் எட்டரை மணி நேரம். அதில் பெட்ரோல், சாப்பாடு, டயர் காற்று, படம் எடுப்பது எல்லாம் போக, சக்கரம் உருளுவது ஐந்தரை மணி நேரம் கூட இருக்காது.

#4 இரட்டைச்சக்கரம்

மூன்று இடமும் போச்சு, சரி. சரளைக்கல் அண்ணே, பெட்ரோல் இடைவெளி எப்படி? டெனெரே டாங்க் 16 லிட்டர், ஹிமாலயன் 15.

#5 சரளைக்கல்

நம்பிப் போகக்கூடிய பங்க்குகளை மட்டும் எழுதுகிறேன். தூரங்கள் தோராயம்.

வால்விஸ் பே → சோலிட்டேர் 230. நடுவில் ஒரு சொட்டு கிடைக்காது.
சோலிட்டேர் → செஸ்ரியம் 85.
செஸ்ரியம் → பெட்டா 140. பெட்டா → அவுஸ், டி707 வழியாக 210.
அவுஸ் → லூடெரிட்ஸ் 125, முழுக்கத் தார்.
அவுஸ் → ஹெல்மெரிங்ஹவுசன் 115, அங்கிருந்து மால்டாஹோஹே இன்னொரு 115.
ஸ்வாகோப்முண்ட் → ஹென்டிஸ் பே 75 → உயிஸ் 120 → கோரிக்சாஸ் 125.
கோரிக்சாஸ் → பாம்வாக் 160. ட்வைஃபல்ஃபொன்டைன் பாறைச் செதுக்கல்களுக்குத் திரும்பினால் 50 சேர்த்துக்கொள்ளுங்கள்.
பாம்வாக் → செஸ்ஃபொன்டைன் 105 → ஒபுவோ 150.
ஒபுவோ → எபுபா 180, திரும்ப 180.

கடைசி வரிதான் வில்லங்கம். எபுபாவில் பெட்ரோலை நம்பிப் போகக் கூடாது. போய்த் திரும்ப 360. மணல், முதல் கியர், தவறான திருப்பம், முகாமிலிருந்து சுற்றுவது என்று 20 சதவீதம் கூட்டினால் 432 கி.மீ.க்கான பெட்ரோல் ஒபுவோவிலேயே ஏற வேண்டும்.

டெனெரே தாரில் லிட்டருக்கு 22–23 தரும். சுமை, சரளை, எதிர்காற்று சேர்ந்தால் 18 என்று வையுங்கள். 432-ஐ 18-ஆல் வகுத்தால் 24 லிட்டர். டாங்க் 16, ஆக வெளியே 8 லிட்டர். ஹிமாலயனுக்கு 24 என்று வைத்தால் 18 லிட்டர். டாங்க் 15 போக வெளியே 3. பெரிய பைக்குக்குத்தான் கூடுதல் கேன் வேண்டும் என்பது பலருக்கு உறைப்பதில்லை. சேர்த்து 11 லிட்டர், அதை ரெண்டு வண்டியிலும் பிரித்துக் கட்டுங்கள்.

இந்த 11 லிட்டரை 18 நாளும் சுமக்க வேண்டாம். மற்ற எல்லா இடைவெளிக்கும் டெனெரேவில் 3 லிட்டர் போதும். மடக்கக்கூடிய பெட்ரோல் பை வாங்கினால் ஒபுவோ வரை காலியாகச் சுருட்டி வைக்கலாம். பையை விளிம்பு வரை நிரப்பாதீர்கள். வெயிலில் ஆவி விரிந்து ஊதும். சைலன்சர் பக்கம் கட்டாதீர்கள். டாங்கில் இடம் வந்தவுடன் முதலில் பையைத்தான் காலி செய்ய வேண்டும். கேனிலிருந்த பெட்ரோல் டாங்குக்கு வருவதற்குள் கீழே விழுந்து பை கிழிந்தால், கணக்கெல்லாம் மண்ணோடு மண்.

ஒரு விதி: பாதி டாங்க் இருந்தாலும், கண்ணில் படும் பங்க்கில் நிரப்பு. சின்ன ஊர்களில், குறிப்பாக செஸ்ஃபொன்டைனில், லாரி வரத் தாமதமானால் பங்க் வறண்டிருக்கும். கார்டு இயந்திரம் இணைப்பு இல்லாமல் முழிக்கும், அதனால் பணமாகக் கையில் வேண்டும். நமீபிய டாலரும் தென்னாப்பிரிக்க ராண்டும் ஒன்றுக்கு ஒன்று. நமீபியாவில் ரெண்டும் செல்லும். கிளம்பும் முன் நமீபிய நோட்டுகளைச் செலவழித்துவிடுங்கள், எல்லைக்கு வெளியே மதிப்பில்லை.

#6 ஸ்போக் துரை

டயர் பத்தி யாரும் பேசலை, நான் பேசுறேன்.

ரெண்டு வண்டிக்கும் முன்னாடி 90/90-21. இது பெரிய சௌகரியம். பின்னாடி டெனெரேக்கு 18 இன்ச், ஹிமாலயனுக்கு 17. ரெண்டுமே ஸ்போக் வீல், டியூப். எடுக்க வேண்டியது: கெட்டியான 21 இன்ச் டியூப் ரெண்டு, 18 ஒண்ணு, 17 ஒண்ணு. இடமே இல்லைன்னா 21 டியூப் மட்டும் மூணு. அவசரத்துக்கு 21 டியூபை 17-லயும் 18-லயும் மடிப்பு விழாம திணிச்சு, மெதுவா அடுத்த ஊர் வரைக்கும் போயிடலாம். தலைகீழா முடியாது, 17 டியூபை 21-ல போட்டா இழுபட்டு வால்வு அடியிலேயே பிய்யும்.

டயர் 50/50 ரகம் (பாதி தாருக்கு, பாதி மண்ணுக்கு) போதும். ஹைடனௌ கே60, மிடாஸ் ஈ-07 மாதிரி. டிகேசி80 மாதிரி மென்மையான கட்டை டயர் மணல்ல சுகம்தான், ஆனா பின் டயர் இந்தச் சரளையில சீக்கிரம் தேயும். புது டயரோட இறங்குங்க. பாதி தேஞ்ச டயர்ல கூர்கல் குத்துறது ரொம்ப சுலபம்.

காற்று (முன்/பின்): தாருக்கு 32/36 பிஎஸ்ஐ போடற வண்டின்னா சரளைக்கு 26/30. ஆழ மணல் கொஞ்ச தூரம்னா 18/20, அப்புறம் உடனே ஏத்தணும். கூட வைக்கறதால என்ன ஆகும்? டயர் கல்லு மேல குதிக்கும், பிடிப்பு குறையும், கூர்கல் ரப்பரை வெட்டும். குறைச்சு வைக்கறதால என்ன ஆகும்? ரிம் கல்லுல மோதி டியூபை ரெண்டு இடத்துல கடிக்கும். டயர் ரிம்முல நகர்ந்து வால்வை இழுக்கும். வால்வு நட்டை ரிம்மோட இறுக்காதீங்க, மூடிப் பக்கமா தளர்த்தி வைங்க. அப்பத்தான் வால்வு சாயறது கண்ணுல படும், பிய்யறதுக்கு முன்னாடி சரி பண்ணலாம்.

காலையில குளிர்ந்த டயர்ல அளந்து, ஒரு மணி நேரம் ஓட்டி மறுபடி அளங்க. 4 பிஎஸ்ஐக்கு மேல ஏறியிருந்தா காற்று கம்மி, இல்ல சுமை அதிகம், இல்ல வேகம் அதிகம். மூணுல ஒண்ணைக் குறைக்கணும்.

#7 ஆறாம்கியர்

18/20 எல்லாம் தேவையில்லாத பயமுறுத்தல். ரெண்டு பேரும் நல்ல ஓட்டுநர் என்றால் 26/30-லேயே மணலும் தாண்டும். நிறுத்தி இறக்கி, மறுபடி நிறுத்தி ஏற்றி... நாள் அதிலேயே போய்விடும்.

#8 ஸ்போக் துரை

ஐம்பது மீட்டர் மணலுக்கு நீங்க சொல்றது சரி. ஆனா டி707-ல அங்கங்க நீளமா மணல் வரும், ஒபுவோவுக்கு வடக்கயும் ஆத்துப்படுகைங்க வரும். 200 கிலோ வண்டி, மேல 40 கிலோ சாமான். நாலு தடவை விழுந்து நாலு தடவை தூக்கறதுக்கு ஆகற நேரத்துல நாப்பது தடவை காற்று இறக்கலாம். பேட்டரியில ஓடற சின்ன கம்ப்ரஸர் அஞ்சு நிமிஷ வேலை. கூட ஒரு கைப்பம்பும் வேணும், கம்ப்ரஸர் ஃப்யூஸ் போகும்.

#9 சரளைக்கல்

அந்த விவாதம் போதும். சரளையில் ஆட்களைக் கொல்வது மணல் இல்லை, வேகம். அகலமான, காலியான, நேரான சாலை. 110-ல் போனாலும் ஒன்றும் ஆகாது போலத்தான் தோன்றும். பிறகு ஒரு வளைவு, இல்லை கிரேடர் அப்போதுதான் சமன் செய்த புது மண், இல்லை சாலைக்குக் குறுக்கே ஒரு வறண்ட ஓடை. ஓடையின் பள்ளம் 50 மீட்டர் முன்புதான் தெரியும். 70–80-க்கு மேல் வேண்டாம்.

கார் சக்கரங்கள் போன ரெண்டு தடத்துக்கும் நடுவே தளர்ந்த கல் வரப்பு ஒன்று இருக்கும். தடம் மாற வேண்டுமென்றால் மெதுவாக்கி, எழுந்து நின்று, கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்து நேராக வெட்டிக் கடக்க வேண்டும். சாய்ந்து நழுவி மாறப் பார்த்தால் முன் சக்கரம் வரப்போடு ஓடி ஆளை உருட்டும்.

கழுவுபலகை மாதிரி அலை அலையான பகுதியில் 60–70-ல் போனால் அதிர்வு குறைந்தது போல இருக்கும். சக்கரம் அலைமுகடுகளை மட்டும் தொட்டுப் போகிறது, அதனால்தான். பிடிப்பும் அந்த அளவுக்குத்தான். அங்கே பிரேக் தூரம் நீளும், திருப்பமும் நீளும்.

எதிரே லாரி வந்தால் வேகம் குறைத்து இடது ஓரம் (அங்கே இடப்பக்கம்தான் ஓட்டுவது), உடம்பைத் தாழ்த்துங்கள். கல் வரும். முகப்பு விளக்குக்கும் ரேடியேட்டருக்கும் கம்பிவலை போடுங்கள். முன்னால் போகும் வண்டியின் புழுதிக்குள் நுழைந்து முந்தவே கூடாது. நிறுத்தி ஒரு டீ. அவ்வளவுதான் வழி. ரெண்டு பைக்குகளுக்கும் இடையிலும் அதே: புழுதி அடங்கும் அளவுக்கு இடைவெளி. பின்னால் வருபவர் தெரியாவிட்டால் அடுத்த சந்திப்பில் நின்று காத்திருக்க வேண்டும், யாரும் நிற்காமல் சந்திப்பில் திரும்பக் கூடாது.

#10 நீர்ப்பை

தண்ணீர், கூடாரம் பற்றி என் பங்கு.

ஜூலை குளிர்காலம், பகலில் 20–25 டிகிரி, இரவில் உள்நாட்டுப் பாலைவனத்தில் பூஜ்யத்தை ஒட்டி, சில இரவு அதற்குக் கீழே. பாலைவனம் என்றதும் மெல்லிய போர்வையோடு வருபவர்கள் விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள். தூங்கும் பையில் எழுதியிருக்கும் 'சௌகரிய' அளவு 0 டிகிரி அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். 'அதீத' (extreme) என்று இன்னொரு எண் போட்டிருப்பார்கள், அது உயிர் பிழைக்க, தூங்க இல்லை. கீழே விரிக்கும் பாயும் அதே அளவு முக்கியம், குளிர் தரையிலிருந்துதான் ஏறும்.

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளுக்கு 5 லிட்டர். கூடுதலாக ஒரு முழு நாளுக்கான தண்ணீர், தொடாமல். ஆக ஒபுவோவுக்கு வடக்கே ஆளுக்கு 10 லிட்டர், அது 10 கிலோ. ஒரே பையில் வேண்டாம். 4 + 4 + 2 என்று பிரியுங்கள், ஒன்று கிழிந்தாலும் மிச்சம் இருக்கும். எடை கீழேயும் நடுவிலும் இருக்கட்டும், பின் பெட்டிக்குப் பின்னால் தொங்கவிட்டால் மணலில் முன்சக்கரம் மிதக்கும். முகாம்களில் ஆழ்துளைத் தண்ணீர் சில இடங்களில் உப்பு கரிக்கும். குடிக்கலாம், காபிதான் கெடும்.

கூடாரம்: கம்பி மாட்டினால் தானே நிற்கும் வகை. சரளைச் சமவெளியில் ஆணி இறங்காது, மணலில் ஆணி நிற்காது. மணலுக்குத் துணிப்பைகளில் மணல் நிரப்பி, கயிறு கட்டி, ஒரு அடி ஆழத்தில் புதைத்தால் அசையாது. உள்கூடாரம் முழுக்க வலையாக இருந்தால் காற்றடிக்கும் இரவில் நுண்மணல் வடிகட்டி உங்கள் மேல் விழும். பாதிக்கு மேல் துணியாக இருப்பது நல்லது.

கண்ட இடத்தில் கூடாரம் போட முடியாது. தெற்கிலும் நடுவிலும் வேலி போட்ட பண்ணைகள். நிலம் ஒருவருடையது, கேட்டுத்தான் தங்க வேண்டும். வடமேற்கில் சமூகப் பாதுகாப்பு நிலங்கள், அவர்களே முகாம்கள் நடத்துகிறார்கள். அங்கே கட்டும் பணம் அந்த ஊருக்கே போகிறது. செஸ்ரியம் அரசு முகாம், ஜூலை கூட்ட நேரம், முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். மற்ற இடங்களில் ஒரு கூடாரத்துக்கு இடம் கிடைத்துவிடும்.

வறண்ட ஆற்றுப்படுகை தட்டையாக, நிழலாக, அழகாக இருக்கும். அங்கே மட்டும் படுக்காதீர்கள். ஹுவாப், ஹோவானிப், உகாப் படுகைகள் பாலைவன யானைகளின் நடைபாதை. காலடித் தடம் தெரிகிற இடத்தில் இரவில் அவை திரும்ப வரும். புரோஸ், ஹோவானிப் பக்கம் சிங்கமும் உண்டு.

காலணியைக் கூடாரத்துக்குள் வையுங்கள். வெளியே வைத்தால் ரெண்டு பிரச்சினை: குள்ளநரி தூக்கிக்கொண்டு போகும், இல்லாவிட்டால் தேள் குடியேறும். வால் தடித்து, முன் இடுக்கிகள் மெலிந்த தேள் என்றால் விஷம் கடுமையானது. இரவில் விறகு எடுக்கும் கைக்குக் கையுறை.

#11 இரட்டைச்சக்கரம்

அடுப்பு? கேஸா, பெட்ரோலா?

#12 நீர்ப்பை

பெட்ரோல். எரிபொருள் ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. விமானத்தில் கேஸ் குப்பி கொண்டுபோக முடியாது, சின்ன ஊர்களில் திருகு வகைக் குப்பி கிடைக்கும் என்று திட்டம் போட முடியாது. அடுப்பின் ஊசித் துளை அடைக்கும். மாற்று வாஷரும் துளைக்கம்பியும் எடுங்கள். விமானம் ஏறும் முன் அடுப்பையும் குப்பியையும் பெட்ரோல் வாசனையே இல்லாதபடி கழுவிக் காயவைக்க வேண்டும்.

விறகு முகாம்களிலும் பங்க்குகளிலும் கட்டாக விற்பார்கள். நீங்களே பொறுக்காதீர்கள்.

இறைச்சி வாங்கிச் சுடுபவர்களுக்கு: நாட்டுக்குக் குறுக்கே கால்நடை நோய்த் தடுப்பு வேலி ஓடுகிறது. வடக்கிலிருந்து தெற்கே பச்சை இறைச்சியைக் கொண்டுவர முடியாது, சோதனைச் சாவடியில் பிடுங்கிவிடுவார்கள். பாம்வாக்கிலும் ஒரு சாவடி இருக்கிறது.

#13 கரையோர மூடுபனி

காகிதங்கள், சுருக்கமாக. தென்னாப்பிரிக்கா, நமீபியா, போட்ஸ்வானா, லெசோதோ, எஸ்வாடினி ஐந்தும் ஒரே சுங்க ஒன்றியம். கார்னே (வண்டியைத் தற்காலிகமாகக் கொண்டுபோவதற்கான சுங்கப் பத்திரம்) எடுத்திருந்தால் ஒன்றியத்துக்குள் நுழையும்போது ஒரு முத்திரை, முழுவதுமாக வெளியேறும்போது ஒரு முத்திரை. நீங்கள் வால்விஸ் பேயில் நுழைந்து அங்கேயே கப்பலேற்றுவதால் ரெண்டும் ஒரே இடத்தில். வெளிநாட்டுப் பதிவு வண்டிக்குச் சாலைக் கட்டணம் கட்டி ரசீது வாங்க வேண்டும். போலீஸ் சாவடியில் கேட்பார்கள், டாங்க் பையில் மேலாக வையுங்கள். சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் ஊர் உரிமமும் சேர்த்து.

சாலை விபத்தில் காயத்துக்கு பெட்ரோல் வரியில் ஓடும் அரசு விபத்து நிதி இருக்கிறது. அது அடுத்தவர் கார் கண்ணாடிக்குப் பணம் தராது. உங்கள் பயணக் காப்பீட்டில் உங்கள் பைக்கின் சிசி அளவும், விமானத்தில் மீட்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். பல காப்பீடுகள் 125 சிசிக்கு மேல் கை கழுவிவிடும், பொடி எழுத்தைப் படியுங்கள்.

ஊர்களில் செல்பேசி எடுக்கும். வடமேற்கில் நாள் கணக்கில் எடுக்காது. செயற்கைக்கோள் வழி செய்தி அனுப்பும் கருவி, ஆளுக்கு ஒன்று இல்லாவிட்டாலும் ரெண்டு பேருக்கு ஒன்று. அது பைக்கில் வேண்டாம், உடம்பில் இருக்க வேண்டும். விழுந்தவர் ஒரு பக்கம், பைக் ஒரு பக்கம் கிடக்கும்.

கரையைப் பற்றி ஒன்று. பெங்குவேலா குளிர் நீரோட்டத்தால் காலையில் மூடுபனி உள்நாட்டுக்குள் ஐம்பது கி.மீ. வரை கூட வரும். உப்புச் சாலை காய்ந்திருந்தால் தார் போல. பனியில் நனைந்தால் வழுக்குப் பாறை. பத்து மணிக்கு மேல் கிளம்புங்கள். அந்தச் சமவெளியில் கறுப்பாக, ஆரஞ்சாகத் தெரிவது பாசிப்பூஞ்சைத் திட்டு, அதன் மேல் ஒரு தடம் விழுந்தால் பல பத்தாண்டுகள் நிற்கும். சாலையை விட்டு இறங்குவது சட்டப்படியும் குற்றம். குளிர்காலத்தில் சில நாள் கிழக்கிலிருந்து வெப்பக்காற்று மணலோடு அடிக்கும். அன்று ஓட்டாதீர்கள், பெயின்ட் உரியும்.

#14 ஆறாம்கியர்

வான் ஸைல்ஸை எல்லோரும் பூதமாக்குகிறார்கள். சின்ன பைக்கில் ஆட்கள் இறங்கியிருக்கிறார்கள். ஒபுவோ பக்கமிருந்து போனால் திசையும் சரி. பார்க்காமல் திரும்புவது பாவம்.

#15 சரளைக்கல்

இறங்கியிருக்கிறார்கள், மறுக்கவில்லை. பெரும்பாலும் சாமான் எல்லாம் கூட வந்த நாலு சக்கர வண்டியில். நீங்கள் ரெண்டே பேர், வண்டி துணை இல்லை.

கணவாயின் கடைசிப் பகுதி தளர்ந்த பாறைப் படிகள், செங்குத்து. முன் பிரேக் பிடித்தால் மடங்கும், பின் பிரேக் மட்டும் பிடித்தால் ஏபிஎஸ் விட்டுவிடும். ஏபிஎஸ்ஸை அணைத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். இறங்கிய பிறகு ஏறித் திரும்பும் பேச்சு இல்லை. அடுத்து மரியன்ஃப்ளுஸ், ஓருபெம்பே, புரோஸ் வழியாகச் செஸ்ஃபொன்டைன். ஒபுவோவிலிருந்து அதுவரை பங்க் கிடையாது, சுற்றோடு 500 கி.மீ. தாண்டும், அதில் நிறைய மணல். டெனெரே அதற்கு 30 லிட்டருக்கு மேல் கேட்கும், ஆளுக்கு நாலு நாள் தண்ணீர் 20 லிட்டர். இந்தச் சுமையோடு அந்தப் படிகள். யாருக்காவது கால் முறிந்தால், மற்றவர் அவரை எந்த வண்டியில் ஏற்றுவார் என்ற கேள்விக்குப் பதில் இருந்தால் போகலாம்.

#16 ஸ்போக் துரை

இப்ப வண்டி. சரளை அதிர்வுல உடையறது வரிசையா: சைடு பெட்டி மாட்டற கம்பி, பின் சப்ஃப்ரேம் வெல்டிங், நம்பர் பிளேட் தாங்கி, அப்புறம் பேட்டரி முனை நட்டு. அலுமினியப் பெட்டி வேண்டாம், துணிப்பை போடுங்க. விழுந்தா பெட்டிக்கும் தரைக்கும் நடுவுல கால் மாட்டறதும் குறையும்.

கிளம்பறதுக்கு முன்னாடி எல்லா போல்ட்டையும் கழட்டித் துடைச்சு, நீல நிறப் பூட்டுப் பசை போட்டு, டார்க் ரெஞ்ச்ல இறுக்கி, பெயின்ட்ல ஒரு கோடு போடுங்க. தினமும் காலையில கோடு நகர்ந்திருக்கான்னு பார்த்தா போதும், ஸ்பேனரே எடுக்க வேண்டாம். ஸ்போக்கைச் சின்ன ஸ்பேனரால தட்டுங்க, மந்தமா ஒலிக்கறது தளர்ந்தது.

காற்று வடிகட்டி: எண்ணெய் தோய்ஞ்ச காகித வடிகட்டியை காற்றடிச்சுச் சுத்தம் பண்ணாதீங்க, துளை பெரிசாகி மண்ணு இன்ஜினுக்குள்ள போகும். வண்டிக்கு ஒரு புது வடிகட்டி எடுத்துட்டுப் போய் ஸ்வாகோப்முண்ட்ல மாத்துங்க. ஸ்பாஞ்ச் வகைன்னா ரெண்டு வடிகட்டியை எண்ணெய்ல தோய்ச்சு ஜிப் பையில.

செயினுக்கு ஒட்டற மசகு ஸ்ப்ரே அடிக்காதீங்க. மண்ணோட சேர்ந்து உப்புத்தாளா மாறி பல்சக்கரத்தைத் தின்னும். துணியால துடைங்க, காய்ஞ்ச மெழுகு ரகம் லேசா. தொய்வு கையேட்டுல சொன்னதுல அதிகப் பக்கமா வைங்க, சாமான் ஏத்தினா இறுகும்.

மத்தது: கிளட்ச், பிரேக் லீவர் ஒவ்வொண்ணு, ஹிமாலயனுக்கு கிளட்ச் கேபிள், பழசுக்குப் பக்கத்துலயே புதுசை ஓட்டிக் கட்டி வைங்க, செயின் இணைப்பு ரெண்டு, ரெண்டு கலவை எபாக்ஸி, கட்டுக்கம்பி, டயர் நெம்புகோல் மூணு, ஒட்டுப் பசை சின்ன ட்யூபா நாலு, ஏன்னா ஒருதடவை திறந்தது வெயில்ல காய்ஞ்சு போயிடும். சைடு ஸ்டாண்டுக்கு அடியில வைக்க கையகல பிளாஸ்டிக் தகடு ஒண்ணு, கயிறு கட்டி.

#17 இரட்டைச்சக்கரம்

எல்லோருக்கும் நன்றி. வான் ஸைல்ஸ், புரோஸ் வேண்டாம். மறுபடி போட்டுப் பார்த்தேன். தெற்குச் சுற்றும் (டி707, அவுஸ், லூடெரிட்ஸ், மால்டாஹோஹே) எபுபாவும் ரெண்டும் வைத்தால் ஏறக்குறைய 3,500 கி.மீ., நாளுக்கு மேலே சொன்ன கணக்கில் 21 நாள். 18-ல் அடக்க ஒன்றை வெட்ட வேண்டும். எதை?

#18 ஆறாம்கியர்

எதையும் வெட்டாதீர்கள், ஓய்வு நாளை வெட்டுங்கள்.

#19 கரையோர மூடுபனி

ஓய்வு நாள் என்பது ஓய்வுக்கு இல்லை. பஞ்சருக்கு, காற்றுக்கு, வறண்ட பங்க்குக்கு. வாரத்துக்கு ஒன்று கட்டாயம். வெட்டினால் நாலாம் நாள் பஞ்சர் பதினெட்டாம் நாள் கப்பலை இழக்க வைக்கும்.

#20 சரளைக்கல்

மனசில்லாமல் சொல்கிறேன், தெற்கை வெட்டுங்கள். டி707 மாதிரி ஒரு சாலை, ஒரு பக்கம் திராஸ் மலை, ஒரு பக்கம் செம்மணல்... ஆனால் அங்கே போக ஐந்து நாள் ஆகிறது, அதில் பாதி போன வழியே திரும்புவது. லூடெரிட்ஸ் சாலையில் மணல் தாரைக் கடந்து ஓடும், காற்று பக்கவாட்டில் தள்ளும், ரெண்டு பக்கமும் வைரத் தடைப் பகுதி, இறங்கி நிற்கக்கூட இடமில்லை. வடக்கு ஒரே வட்டமாக வருகிறது.

வால்விஸ் பே – சோலிட்டேர் – செஸ்ரியம் (ரெண்டு இரவு) – சோலிட்டேர் – ஸ்வாகோப்முண்ட் (ஒரு நாள் வண்டிக்கு) – உயிஸ் – ட்வைஃபல்ஃபொன்டைன் – பாம்வாக் – செஸ்ஃபொன்டைன் – ஒபுவோ – எபுபா (ரெண்டு இரவு) – ஒபுவோ – கமன்ஜாப் – ஒட்ஜிவராங்கோ – ஸ்வாகோப்முண்ட் – வால்விஸ் பே. ஒபுவோவிலிருந்து தெற்கே முழுக்கத் தார். ஒரு நாள் மிச்சம் வரும், அதைக் கடைசியில் வைக்காமல் ஒபுவோவில் வைத்துக்கொள்ளுங்கள். செஸ்ஃபொன்டைன்–ஒபுவோ நடுவே கணவாய் ஏற்றம் செங்குத்து, சுமையோடு முதல் கியரிலேயே ஏறுங்கள், நடுவில் நிற்காதீர்கள்.

#21 நீர்ப்பை

எபுபாவில் ஆறு ஓடுகிறது என்று இறங்கிக் குளிக்க வேண்டாம், குனேனே ஆற்றில் முதலை உண்டு. முகாமில் குழாய் இருக்கிறது. மலேரியா ஆபத்து வடக்கில்தான். ஜூலையில் குறைவு என்றாலும் மருத்துவரிடம் மாத்திரை பற்றிக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள், கொசு விரட்டி ஒபுவோவுக்கு மேலே கட்டாயம்.

#22 இரட்டைச்சக்கரம்

தெற்கை வெட்டியாச்சு. ஒரு சந்தேகம்: துறைமுகத்தில் வண்டி எடுக்கும்போது டாங்க் காலியாக இருக்கும், பேட்டரி கழட்டி இருக்கும். முதல் நாளே சி14-ல் இறங்கலாமா?

#23 ஸ்போக் துரை

வேண்டாம். பேட்டரி மாட்டி, காற்று பார்த்து, பெட்ரோல் போட்டு, முழுச் சாமானோட ஸ்வாகோப்முண்ட் வரைக்கும் 35 கி.மீ. தார்ல போய்த் திரும்புங்க. அதுல எந்தப் பை ஆடுது, எது சைலன்சர்ல உரசுதுன்னு தெரிஞ்சிடும். பெட்டியில ஹேண்டில்பாரைக் கழட்டி அனுப்பியிருந்தா, இடது வலது முழுசா திருப்பி கேபிள் இழுபடலையான்னு பாருங்க. முன் ஆக்சில் கழட்டியிருந்தா பிரேக் லீவரை நாலு தடவை அழுத்திட்டுத்தான் நகரணும். பேட் பின்னாடி போயிருக்கும், முதல் அழுத்தல்ல ஒண்ணும் பிடிக்காது.